கதவு எண் 9/114

கொல்லங்கோடு நகராட்சியில்
மூன்றாம் மேசை என்னுடையது.
பிறப்பும் இறப்பும் பக்கத்து மேசை.
எனக்கு இந்த மாதம் நாயும் பூனையும்.

விண்ணப்பம் ஒரு பக்கம், விதிகள் இரண்டு பக்கம்.
மூன்று மாதம் கடந்த எதற்கும் பதிவு வேண்டும்.
ஊசி போட்ட சீட்டு வேண்டும்.
கழுத்தில் வில்லை தொங்க வேண்டும்.
சங்கிலி இல்லாமல்
வீட்டு எல்லை தாண்டக் கூடாது.

காலையில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட்
காரிலிருந்து இறங்க மறுத்தது.
ரப்பர் தோட்டக்காரர் அதன் போட்டோவை மட்டும் கொண்டுவந்தார்.
பிறகு கூடைக்குள் இரண்டு பெர்சியன் பூனைகள்,
மின்விசிறிக்குக் கீழேதான் உட்காருவோம் என்று.

பன்னிரண்டே முக்காலுக்கு
நீரோடியிலிருந்து பிரகாசி வந்தாள்,
வளர்ந்த நாயைப் பிள்ளைபோல இடுப்பில் வைத்து.
"பஸ்ஸில ஏத்தமாட்டேன்னுட்டான் சவத்துப்பய.
ஆட்டோவுக்கு நூத்தி எம்பது."

பெயர்?
"ஸ்ராங்கு."
உங்கள் வீட்டுக்காரர் பெயர் இல்லை, நாயின் பெயர்.
"நாய்க்க பேருதான் மோளே.
எனக்க மாப்பிள ஒருநாளும் ஸ்ராங்கு ஆவல்ல.
நாயாவது ஆவட்டும்."
இனம்?
"ஆருக்கு?"
வரிசை சிரித்தது. நான் 'நாட்டு' என்று எழுதினேன்.
நிறம், கருப்பு.
கருப்பு இல்லை, ஈரத் தார்ப்பாய் வெயிலில் வெளுத்தாற்போல ஒன்று.
கட்டம் சிறியது. கருப்பு.

வீட்டு வரி ரசீது கேட்டேன்.
ரேஷன் அட்டை உறைக்குள்ளிருந்து எடுத்தாள்,
ஒரு வருடம் விடாமல்.
கணினியில் அடித்தேன்: 9/114, ஓட்டு வீடு,
நானூற்றுப் பத்து சதுர அடி,
பிரகாசி, க/பெ ததேயுஸ், நிலுவை ஏதுமில்லை.

வீடு இதே முகவரியில்தானே இருக்கிறது?
(எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி.)

"அங்கதான் இருக்கு.
மேல தண்ணி நிக்கியது."

மூன்று ஆடிக்கு முன்பு
முதலில் அடுக்களை, பிறகு கிணறு,
விடியும்போது முன்சுவர்.
இப்போது தங்கச்சி வீட்டுக்குப் பின்னால் ஒரு முறி.
வாடகைச் சீட்டு எழுதித் தர மச்சினனுக்கு மனமில்லை.

பிறகு ஏன் வரி கட்டுகிறீர்கள்?
அவள் நாயின் காதில் உண்ணி பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"கெட்டாம விட்டா
எடம் கடலுக்குன்னு நீங்க எழுதிப்போடுவிய."

எல்லை விதியை வாசித்துக் காட்டினேன்.
சங்கிலி இல்லாமல் வெளியே விடுவீர்களா?
"ராத்திரி பொழியூர்ப் பக்கம் போயி
மீன்தலை தின்னும். கேரளம்.
அவுங்க சட்டம் எனக்குத் தெரியாது.
மத்த நேரம் கல்லுக்க மேல,
வாசல் இருந்த நேருக்கே இருக்கும்.
அலை ஏறி வந்தா குரைக்கும்.
எல்லை தாண்டியது நாயில்ல மோளே."

மென்பொருள் எதையும் மறுக்கவில்லை.
பச்சை வந்தது. பதிவெண் நாற்பத்தொன்று.
தகர வில்லையை வலை நூலில் கோத்து
மூன்று முடிச்சுப் போட்டாள். கடிக்க முடியாத முடிச்சு.
மேசையில் கொஞ்சம் மணல்.
பெர்சியன் பூனைக்காரம்மா கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார்.

கடைசிக் கட்டம்:
சுகாதார ஆய்வாளர் நேரில் வர உகந்த நேரம்.
பிரகாசி வாசலில் நின்று திரும்பினாள்.
"வத்தத்தில வரச்சொல்லு.
படி ரெண்டு தெரியும்."

வற்றம் என்று அடித்தேன்.
எண்களை மட்டும் உள்ளிடவும் என்றது திரை.
ஆய்வாளரைப் போனில் கூப்பிட்டு
கடல் எத்தனை மணிக்கு இறங்கும் சார் என்று கேட்டேன்.
அவர் தக்கலைக்காரர்.
யாரிடமாவது விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.
அந்தக் கட்டம் இன்னும் காலி.